கடைமடைக்கு வந்த கணக்கு

'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்று பெருமை பேசிய ஊர் நம் மயிலாடுதுறை. ஐப்பசித் திங்கள் முழுவதும் துலாக்கட்டத்தில் நீராடுவோர் கூட்டம். திங்கள் முடிந்து கார்த்திகை முதல் நாள் விடிந்தால் முடவன் முழுக்கு. நடக்கமாட்டாத ஒருவன் நாள் கடந்து வந்து நின்றானாம். காலந்தாழ்த்தி வந்தவனுக்கும் காவிரி கருணை காட்டினாளாம். கதையை நம்புவோர் நம்பட்டும். நம்பாதோர் நகைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கதையிலே, தாமதமாக வந்த மனிதனுக்காகக் காவிரி காத்திருந்தாள். இன்றோ, தாமதமாக வரும் காவிரிக்காக மனிதன் காத்திருக்கிறான்! நாற்றங்காலில் நாற்று முதிர்கிறது. வட்டிக் கணக்கிலே கடன் முதிர்கிறது. வாய்க்காலிலே மட்டும் நீர் இல்லை.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் 12 என்றால் அணை திறக்கும் நாள் என்பது டெல்டா உழவர் மனத்தில் பதிந்துபோன நாட்காட்டி. ஆனால் 2012 முதல் 2019 வரை, எட்டு ஆண்டுகள், அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. போர்செட் வைத்திருந்தவர் குறுவை நட்டார். இல்லாதவர் வானத்தைப் பார்த்தார். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டிலேயே காட்சி மாறிற்று. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் 22ஆம் நாள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே கடலைத் தேடி ஓடிற்று. கடைமடை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வரவில்லையே என்ற குரலும் அதே நாட்களில் எழுந்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நட்ட சம்பா நீருக்குள் மறைந்தது.

பெய்யாமலும் கெடுக்கிறது, பெய்தும் கெடுக்கிறது. காலநிலை மாறிவிட்டது என்கிறார்கள் அறிவியலறிஞர்கள். உண்மை. மறுப்பார் இல்லை. ஆயினும் நான் கேட்கிறேன்: ஒரே மழை, ஒரே வறட்சி, ஒரே ஊர். அங்கே ஒருவர் மச்சு வீட்டில் இருந்துகொண்டு அடுத்த போகத்திற்குத் திட்டமிடுகிறார்; இன்னொருவர் மூட்டை முடிச்சோடு திருப்பூர் வண்டிக்குக் காத்திருக்கிறார். இந்த வேறுபாட்டையும் வானமா வகுத்தது? மேகத்திற்குப் பட்டாதாரரைத் தெரியுமா, குத்தகைக்காரரைத் தெரியுமா, கூலியாளைத் தெரியுமா? தெரியாது! தெரிந்தது சட்டத்திற்கு, தெரிந்தது சங்கத்துப் பேரேட்டிற்கு, தெரிந்தது அரசின் வரவு செலவுத் திட்டத்திற்கு. மழை வானத்திலிருந்து விழுகிறது. துன்பமோ, மனிதர் எழுதிவைத்த விதிகளின் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

இந்த உண்மையைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவரை இந்த ஞாயிறு உங்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன். அவர் மேடையேறி முழங்கியவர் அல்லர். தேர்தலில் நின்றவர் அல்லர். பொருளாதாரப் பேராசிரியர் ஏ. வைத்தியநாதன். 2020-இல் மறைந்தார். அவர் பெயர் நம் கிளைக் கூட்டங்களில் ஒலித்ததில்லை. ஒலித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1931-இல் பிறந்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1960களில் தில்லியில், திட்டக்குழுவின் நெடுநோக்குத் திட்டப் பிரிவில் பணியாற்றினார். பீதாம்பர் பந்த் என்னும் அறிஞரின் தலைமையில் இயங்கிய பிரிவு அது. நாட்டின் கடைசி மனிதனுக்கும் குறைந்த அளவு வாழ்க்கை வசதியேனும் கிட்ட வேண்டுமாயின், பதினைந்து ஆண்டுகளில் வருமானம் எவ்வளவு பெருக வேண்டும், எஃகு எவ்வளவு வேண்டும், உணவு எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் 1962-இலேயே கணக்கிட்டுப் பார்த்த இடம். நாட்டையே ஒரு பெரிய குடும்பமாகக் கருதி, அதன் மொத்த வரவையும் மொத்தச் செலவையும் ஆராயும் கலை அது. பேரினப் பொருளாதாரம் என்று கல்லூரியில் பெயர் சொல்வார்கள்.

அந்தப் பெருங்கணக்கைப் பருவமழை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை அவர் உள்ளிருந்தே கண்டார். 1964–65-இல் 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த உணவுதானிய விளைச்சல், மழை பொய்த்த 1965–66-இல் ஏறத்தாழ 7 கோடியே 20 இலட்சம் டன்னாகச் சரிந்தது. மறு ஆண்டும் மழை கைவிட்டது. போரின் செலவு ஒருபுறம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த இழிவு ஒருபுறம். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது, 7 ரூபாய் 50 காசாயிற்று. ஐந்தாண்டுத் திட்டமே 1966 முதல் 1969 வரை நின்றுபோயிற்று. வயலில் விழாத மழை, வங்கியில் நாணயத்தைச் சாய்த்தது, அரிசிக் கடை வாசலில் வரிசையை நீட்டியது, ஆட்சிகளையும் ஆட்டிவைத்தது. நாட்டின் நாணயக் கணக்கும் நம் வாய்க்கால் கணக்கும் வேறுவேறல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்தப் பாடத்தை மறந்துவிட்டுப் பதவிக்குப் பின்னால் சென்றோர் பலர். இவரோ நீரின் பின்னால் சென்றார். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம். பின்னர், மால்கம் ஆதிசேசையா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். ஏரிகளை ஆராய்ந்தார், அணைகளை ஆராய்ந்தார், மதகைத் திறப்பவர் யார், மூடுபவர் யார், முறை வைப்பவர் யார் என்று ஆராய்ந்தார். 1999-இல் வெளிவந்த அவருடைய நீர்வள மேலாண்மை நூல், பாசனத்தின் வளர்ச்சியையும் அதை நடத்தும் அமைப்புகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. அணை கட்டுவதோடு பாசனம் முடிந்துவிடுவதில்லை. நீரைப் பங்கிடும் ஏற்பாடு சீராக இருந்தால்தான் அணை பயன் தரும் என்ற எண்ணம் அவர் ஆய்வுகளின் ஊடே ஓடுகிறது.

இங்கேதான், தோழர்களே, நமக்குக் கசப்பான ஒரு செய்தி வருகிறது. நடுவண் அரசு பாசன நீர்க் கட்டணம் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் வைத்தியநாதன். 1992-இல் வந்த அறிக்கை என்ன சொன்னது? பராமரிப்புச் செலவையாவது ஈடுசெய்யும் அளவுக்குக் கட்டணம் உயர வேண்டும். நீரை அளந்து கொடுக்க வேண்டும். உழவர் குழுக்களிடம் மொத்தமாக ஒப்படைத்து, பங்கீட்டை அவர்களே நடத்தச் செய்ய வேண்டும் என்றது.

"தண்ணீருக்கு விலையா? காவிரிக்குக் கட்டணமா?" என்று நீங்கள் சீறுவது என் காதில் விழுகிறது. முதன்முதல் படித்தபோது நானும் சீறினேன். ஆனால் அறிஞர் ஒருவர் நாம் விரும்பாததைச் சொல்கிறார் என்றால், ஏன் சொல்கிறார் என்று கேட்பதல்லவா அறிவியக்கத்தின் அழகு?

அவர் காட்டிய சங்கிலியைப் பாருங்கள். கட்டணம் மிகச் சொற்பம். ஆகவே பாசனத் துறைக்கு வரவு சொற்பம். வரவு குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது எது? புதிய அணைக்கு அடிக்கல் நாட்டும் விழா வெட்டுப்படாது. வாய்க்கால் தூர்வாரும் செலவு வெட்டுப்படும். மதகுக்கு எண்ணெய் போடும் செலவு வெட்டுப்படும். கரையில் நடந்து காவல் காக்கும் பணியாளரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். தூர் நிறைந்த வாய்க்காலில், தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்கு நீர் எட்டாது. மழை மிகுந்த ஆண்டிலோ, ஆகாயத்தாமரை அடைத்த வடிகாலில் வெள்ளம் வடியாது. வறட்சிக்கும் அதே வாய்க்கால் காரணம். வெள்ளத்திற்கும் அதே வாய்க்கால் காரணம்! தலைமடையில் இருப்பவருக்கு ஏறத்தாழ இலவசமாக நீர் போகிறது. தண்ணீரே காணாத கடைமடை ஏழை, தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டும் வரியிலிருந்து அந்தச் செலவில் பங்கு கொடுக்கிறான். இலவசம் என்ற பெயரில் யாருடைய பணம் யாருக்குப் போகிறது?

இத்துடன் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. சிக்கனம் நல்லதுதான். ஆனால் அரசின் கணக்கு முறையில் புதுக் கட்டடம் மூலதனச் செலவு. பழைய வாய்க்காலைப் பேணுவதும் மதகுக் காவலருக்குச் சம்பளம் கொடுப்பதும் வருவாய்ச் செலவு. எந்தச் செலவைக் குறைத்தால் சட்டம் புன்னகை புரியுமோ, அந்தச் செலவில்தான் கடைமடையின் உயிர் இருக்கிறது! தலைநகரில் எழுதப்படும் ஒரு நிதி விதி, தரங்கம்பாடிப் பக்கத்து வயலில் வறட்சியாக முளைக்கிறது. இதைச் சொல்லப் பொருளாதாரம் படித்தவர் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கட்டணத்தை உயர்த்திவிடலாமா? இங்கே நான் பேராசிரியரோடு உடன்படவில்லை. உடன்படாததை மறைக்கவும் மாட்டேன். அளந்து கொடுத்தால் அளவுக்குக் கட்டணம் என்பது நீதி. அளக்கும் கருவியும் ஒழுங்கான மதகும் வருமுன்னே கட்டணம் மட்டும் வந்தால் அது அநீதி. கடைமடைக்காரன் வராத தண்ணீருக்கு வரி கட்டுவான். குத்தகைக்காரன் நிலத்துக்குரியவரின் சுமையையும் சேர்த்துச் சுமப்பான். முதலில் வாய்க்கால், பிறகு கணக்கு, கடைசியிலேதான் கட்டணம். வரிசை மாறினால் ஏழை சாவான். ஆனால் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற அவருடைய கேள்விக்கு விடை சொல்லாமல், 'இலவசம் வாழ்க' என்று கோஷம் மட்டும் எழுப்பினால், நாம் உழவருக்கு நண்பர்கள் அல்லர்.

அடுத்தது கடன். 2004-இல் கூட்டுறவுக் கடன் அமைப்பைச் சீரமைக்க நடுவண் அரசு அமைத்த பணிக்குழுவுக்கும் அவரே தலைவர். 2005-இல் அறிக்கை தந்தார். நொடித்துப்போன சங்கங்களுக்கு அரசு மூலதனம் தந்து கைதூக்க வேண்டும். ஆனால் பதிலுக்குத் தேர்தல் ஒழுங்காக நடக்க வேண்டும், தணிக்கை நேர்மையாக நடக்க வேண்டும், ஆட்சியாளரின் கை சங்கத்தின் பெட்டிக்குள் நுழையக் கூடாது என்றார். அதன் அடிப்படையில் 13,596 கோடி ரூபாய்த் திட்டம் 2006-இல் வந்தது. நம் நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடிகளும் வந்தன. 2006-இல் ஒன்று, 2021-இல் 12,110 கோடி ரூபாய்க்கு ஒன்று. தள்ளுபடி நெருப்பை அணைக்கும் நீர், மறுக்கவில்லை. ஆனால் கூட்டுறவுக் கடன் யாருக்குக் கிடைத்ததோ அவருக்குத்தான் தள்ளுபடியும் கிடைக்கும். சிட்டாவும் அடங்கலும் இல்லாத குத்தகை உழவருக்குச் சங்கத்தில் கடன் கிடைப்பது அரிது. அவர் வாங்கியது தனியாரிடம். அங்கே தள்ளுபடி கிடையாது, நகை ஏலம்தான் உண்டு.

நிவாரணத்தையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள். 2023 பிப்ரவரியில், அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் பருவம் தவறிய மழையில் சாய்ந்தன. எக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. எக்டேருக்கு! ஆம், பணம் நிலத்தின் பெயரால் அளக்கப்படுகிறது. நிலமில்லாத வேளாண் தொழிலாளியும் அந்த அறுவடைக் கூலியைத்தான் நம்பியிருந்தாள். அவளுடைய இழப்பு எந்த அடங்கலில் ஏறும்? பயிர்க் காப்பீடோ கிராமத்தின் சராசரி விளைச்சலைப் பார்க்கிறது; மேட்டு வயல் பிழைத்து, பள்ளத்து வயல் அழுகினால், சராசரி நன்றாகவே இருக்கும். நனைந்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதியைத் தளர்த்தத் தில்லிக்குக் கடிதம் எழுத வேண்டும்; தில்லியிலிருந்து குழு வர வேண்டும்; குழு வரும்வரை களத்தில் கிடக்கும் நெல்லுக்குப் பொறுமை வேண்டும்! நெல் பொறுக்குமா? முளைவிட்டுவிடும்.

1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இல்லாமல் மட்டுமே மக்கள் மடிவதில்லை, உணவைப் பெறும் உரிமையும் ஆற்றலும் பறிபோவதால் மடிகிறார்கள் என்று 1981-இல் நிறுவினார். தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் அதே இலக்கணம் பொருந்தும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இலும், குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலும் வந்தது எதனால்? வானம் கருணை காட்டியதனால் அன்று; மக்கள் எழுந்து கேட்டதனால். விதி மனிதன் எழுதியது. ஆகவே மனிதன் மாற்றலாம்.

வைத்தியநாதனோடு பாசன ஆய்வில் இணைந்து உழைத்த பொருளாதார அறிஞர் எஸ். ஜனகராஜன் அந்தப் பாதையில் மேலும் ஓர் அடி வைத்தார். தமிழகமும் கர்நாடகமும் வழக்கு மன்றத்தில் மோதிக்கொண்டிருந்த வேளையில், 2003-இல், இரு மாநில உழவர்களையும் சென்னையில் ஒரே கூரையின்கீழ் அமர்த்தினார். காவிரிக் குடும்பம் என்று அதற்குப் பெயர். இவர்கள் அங்கே போய் வயலைப் பார்த்தார்கள். அவர்கள் இங்கே வந்து வாய்க்காலைப் பார்த்தார்கள். வழக்கு அதனால் முடிந்துவிடவில்லை. 2007-இல் நடுவர் மன்றம் நமக்கு 419 டி.எம்.சி. என்றது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. உரிமைப் போர் உரிமைப் போர்தான். அதில் ஒரு சொட்டையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிஞர் இன்னொன்றையும் எச்சரித்தார். ஆறு கொண்டுவரும் வண்டல் குறைந்துபோயிற்று. கரையோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறோம். கடல் உப்பு உள்ளே நுழைகிறது. டெல்டாவே தேய்கிறது என்றார். பிலிகுண்டுலுவில் நமக்குரிய நீரை அளந்து வாங்கினாலும், அது பூம்புகார் வரை போய்ச் சேரும் வழியை நாம்தான் காக்க வேண்டும்.

தோழர்களே! நான் கேட்பது பெரிதன்று. உங்கள் கிளையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் ஊரில் குத்தகைக்குப் பயிர் செய்வோர் எத்தனை பேர், அவர்களில் அடங்கலில் பெயர் ஏறியவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கடைசி மதகுக்கு நீர் வந்த நாளை எழுதுங்கள். எந்த வடிகால் அடைந்திருக்கிறது என்று எழுதுங்கள். மழையில் வேலை இழந்த கூலிப்பெண்கள் எத்தனை நாள் இழந்தார்கள் என்று எழுதுங்கள். நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று எழுதுங்கள். நிதிநிலை அறிக்கை வரும் நாளில், அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்காலுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். நம்மவர் ஆண்டாலும் கேளுங்கள். மாற்றார் ஆண்டாலும் கேளுங்கள்.

முழக்கம் மன்றத்தை அதிரவைக்கும். கணக்குத்தான் கோப்பை நகரவைக்கும். தில்லியில் பெருங்கணக்கு எழுதிய ஒரு பேராசிரியர் நீரைத் தேடி மதகு வரை வந்தார். மதகின் அருகிலேயே பிறந்து வளர்ந்த நாம், அந்தக் கணக்கைக் கடைமடை வரை கொண்டுபோக மாட்டோமா?

நாள் கடந்து வந்த முடவனுக்கும் முழுக்கு உண்டென்று கதை சொன்ன ஊர் இது. நாற்று முதிரக் காத்திருக்கும் கடைமடை உழவனுக்கும் நீர் உண்டென்று ஆக்கிக் காட்டுவோம்!